பழைய காருக்குப் புது ஸ்பிரிங், புது புஷ்: மாட்டும் முன் தெரிந்துகொள்ள 16 குறிப்புகள்

எங்கள் வீட்டில் இன்றும் ஓடிக்கொண்டிருப்பது அப்பா வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு. பிரிட்டனில் 1959-இல் டிரையம்ப் ஹெரால்டு என்று வெளிவந்து, 1961 முதல் சென்னையில் தயாரான வண்டி. என் மாமா வைத்திருந்தது அதைவிட மூத்தது, 1930-களின் மாரிஸ் எய்ட். இந்த இரண்டு வண்டிகளின் அடியிலும் படுத்துக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பழைய காரில் சஸ்பென்ஷன் வேலை என்றால் பலரும் முதலில் கவலைப்படுவது சாமான் கிடைக்குமா என்றுதான். தேடினால் கிடைத்துவிடுகிறது. பார்சலைப் பிரித்து வண்டிக்கு அடியில் போன பிறகுதான் தலைவலியே ஆரம்பம். புதுச் சாமான் வரைபட அளவில் இருக்கும். அது போய் உட்கார வேண்டிய இடம் 60, 80 வருடம் தேய்ந்து, துருவேறி, கொஞ்சம் வளைந்தும் இருக்கும். இரண்டையும் சேர்த்து வைப்பதற்குச் சுத்தியல் உதவாது. அளவுகோலும் பொறுமையும் உதவும்.

1. எதையும் கழற்றும் முன் அளவெடுங்கள். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, நான்கு டயரிலும் காற்றைச் சரிபார்த்துவிட்டு, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து நோட்டில் எழுதுங்கள். வேலை முடிந்ததும் இதே அளவைத்தான் ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறீர்கள். ஒரு பக்கம் மட்டும் தணிந்திருந்தால் ஸ்பிரிங் மீது பழியைப் போட்டுவிடாதீர்கள்; சட்டமே துருவேறி இறங்கியிருக்கலாம். ஒவ்வொரு இணைப்பையும் போனில் படம் எடுத்துவிட்டு, கழற்றும் நட்டு, போல்ட், வாஷர்களைப் பழைய இட்லித் தட்டின் குழிகளில் வரிசையாகப் போடுங்கள். எங்கள் வீட்டில் இதற்கென்றே ஒரு தட்டு இருக்கிறது.

2. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். செங்கல், ஹாலோ பிளாக் எதுவும் வேண்டாம். அவை எச்சரிக்கையே இல்லாமல் நொறுங்கும். இரும்பு ஸ்டாண்டு இரண்டு வாங்கிச் சட்டத்தின் கெட்டியான பகுதியில் கொடுங்கள். தரைத் தகட்டில் கொடுத்தால் பழைய வண்டியில் தகடு கிழிந்து ஸ்டாண்டு உள்ளே போய்விடும்.

3. பழையதையும் புதியதையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பட்டை ஸ்பிரிங் என்றால் கண்ணுக்குக் கண் (கண் என்பது முனையில் சுருட்டிய வளையம்) நீளம், அகலம், பட்டைகளின் எண்ணிக்கை, ஒவ்வொன்றின் கனம், கண்ணின் விட்டம் எல்லாம் பாருங்கள். பழையது தளர்ந்து நிமிர்ந்திருக்கும் என்பதால், நீளத்தை நேர்க்கோட்டில் அளக்காமல் மெயின் பட்டையின் வளைவோடு ஒட்டி டேப் பிடித்து அளப்பதே சரி.

பலர் கோட்டை விடுவது பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டில். பெயரில் சென்டர் இருந்தாலும் நிறைய வண்டிகளில் அது நடுவில் இருக்காது. முன்கண்ணுக்கும் அதற்கும் ஒரு தூரம், பின்கண்ணுக்கும் அதற்கும் வேறொரு தூரம். ஸ்பிரிங்கைத் திருப்பி மாட்டினாலும் மாட்டிக்கொள்ளும். பிறகு ஆக்சில் ஒரு பக்கம் பின்னுக்குத் தள்ளி நிற்கும், வண்டி நேராக ஓடாது, டயர் தேயும். புது ஸ்பிரிங் வந்தவுடன் முன்பக்கக் கண்ணில் பெயின்ட்டால் ஓர் அம்புக்குறி போட்டுவிடுங்கள்.

4. மரையைச் சோதியுங்கள். இந்தக் குறிப்பை மட்டும் இரண்டு தடவை படிக்கச் சொல்வேன். போருக்கு முந்தைய ஆங்கிலேய வண்டிகளில் பெரும்பாலும் விட்வொர்த், பி.எஸ்.எஃப். மரைகள். ஹெரால்டு காலத்தில் அது யு.என்.எஃப். ஆகிவிட்டது. இன்று கடையில் கேட்டால் கொடுப்பது மில்லிமீட்டர் போல்ட். பார்வைக்கு மூன்றும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

3/8 அங்குல போல்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பி.எஸ்.எஃப். என்றால் அங்குலத்துக்கு 20 மரை, யு.என்.எஃப். என்றால் 24. விட்வொர்த் குடும்பத்தில் மரையின் கோணம் 55 டிகிரி. மற்ற இரண்டிலும் 60. ஒன்றின் நட்டை இன்னொன்றில் ஏற்றினால் ஒன்றிரண்டு சுற்று போகும், பிறகு இறுகும். ‘துரு, அதான் டைட்டா இருக்கு’ என்று நீள ஸ்பேனர் போட்டுத் திருகுவார்கள். நன்றாக இறுகிவிட்டதாகத் தோன்றும். உண்மையில் மரை சீவிப் போயிருக்கும். நட்டைப் பிடித்துக்கொண்டிருப்பது இரண்டு சுற்று மரைதான். 5/16 அங்குலமும் 8 மில்லிமீட்டரும் இன்னும் மோசம். முன்னது 7.94 மில்லிமீட்டர். விட்டத்தில் வித்தியாசம் கைக்குத் தெரியவே தெரியாது.

ஒரு நட்டு சுத்தமான மரையில் கைவிரலாலேயே முழுக்க ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் நிறுத்திவிட்டு மரை அளக்கும் கேஜை வைத்துப் பாருங்கள். கேஜ் மலிவு, சட்டத்தில் புது மரை போடுவது மலிவல்ல.

போல்ட்டின் பலமும் முக்கியம். மில்லிமீட்டர் போல்ட்டின் தலையில் 8.8 என்று இருக்க வேண்டும். யு.என்.எஃப். போல்ட்டில் தலையில் மூன்று கோடுகள் இருந்தால் கிரேடு 5, ஆறு இருந்தால் கிரேடு 8. குறியே இல்லாத போல்ட் கேட் மாட்டுவதற்கு இருக்கட்டும், சஸ்பென்ஷனுக்கு வேண்டாம்.

5. பெயின்ட்டைச் சுரண்டுங்கள். புதுச் சாமான் பளபளவென்று கெட்டிப் பெயின்ட்டில் வரும். இரண்டு இரும்பு முகங்கள் ஒட்டி உட்காரும் இடத்தில், குறிப்பாக யூ போல்ட்டுக்கு அடியில் ஸ்பிரிங் உட்காரும் மேடையில், பெயின்ட் இருக்கக் கூடாது. ஓட ஓட அந்தப் பெயின்ட் நசுங்கும். நசுங்கிய கனத்துக்கு யூ போல்ட் தளரும். துளைகளுக்குள் இருக்கும் பெயின்ட்டையும் உருட்டிய எமரித்தாளால் எடுத்துவிடுங்கள். ‘போல்ட் போகமாட்டேங்குது’ என்ற புகாரில் பாதி அங்கேயே தீரும்.

6. புதுப் பட்டைக் கட்டு மாட்டும்போது ஒரு கண் மட்டும் ஷேக்கிளுக்கு (கண்ணைச் சட்டத்தோடு சேர்க்கும் ஆடும் இணைப்பு) எட்டாமல் நிற்கும். இது சாமானின் குறை இல்லை. புது ஸ்பிரிங்கில் வளைவு அதிகம். வளைவு அதிகமானால் இரண்டு கண்களுக்கும் இடையே தூரம் குறையும். கடப்பாரை வைத்து நெம்பாதீர்கள். நிலையான கண்ணில் முதலில் பின்னைப் போட்டு, நட்டை விரலால் மட்டும் ஏற்றுங்கள். ஆக்சிலைச் சென்டர் போல்ட் தலையோடு பொருத்தி, யூ போல்ட்டை லேசாகப் பிடித்துவிடுங்கள். பிறகு ஆக்சிலுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து மெதுவாக ஏற்றினால், வண்டியின் பாரம் ஸ்பிரிங்கை நிமிர்த்த நிமிர்த்தக் கண் தானே நகர்ந்து ஷேக்கிளுக்கு நேராக வரும். ஜாக்கி ஏறும்போது ஸ்டாண்டிலிருந்து சட்டம் எழும்புகிறதா என்று ஒரு கண் அங்கேயே இருக்கட்டும்.

குறுக்கு ஸ்பிரிங் உள்ள வண்டிகளில் இந்த வழி மட்டும் போதாது. 1908 முதல் 1927 வரை வந்த ஃபோர்டு மாடல் டி-யில் முன்னும் பின்னும் குறுக்கு ஸ்பிரிங்தான். அதன் கண்களை விரித்துப் பிடிக்கத் தனிக் கருவியே உண்டு. விரிந்த நிலையில் அந்தப் பின் ஸ்பிரிங்கில் இருக்கும் விசை ஆளை அடித்துப் போடும். அதன் நுனிக்கு நேரே நிற்காதீர்கள். ஹெரால்டின் பின்பக்கமும் அப்படித்தான். டிஃபரன்ஷியலின் தலையில் ஆறு நட்டுகள் பிடித்திருக்கும் குறுக்கு ஸ்பிரிங். முனைகளின் பாரத்தை விடுவிக்காமல் அந்த ஆறு நட்டுகளில் கை வைக்க வேண்டாம்.

7. சுருள் ஸ்பிரிங்கைச் சுருக்கச் சரியான கம்ப்ரசர் வேண்டும். கட்டுக்கம்பி, சங்கிலி, சைக்கிள் டியூப் எல்லாம் வேண்டவே வேண்டாம். ஹெரால்டு முன்சக்கரத்தில் ஷாக் அப்சார்பரைச் சுற்றியே இந்த ஸ்பிரிங் இருக்கும். உங்களிடம் கம்ப்ரசர் இல்லையென்றால் இரண்டையும் சேர்த்தே கழற்றிப் பட்டறைக்கு எடுத்துப் போங்கள். அவர்களுக்குப் பத்து நிமிட வேலை.

8. புஷ் இறங்கவில்லையா? முந்தின இரவே புஷ்ஷைப் பாலிதீன் பையில் சுற்றி ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். அது உட்காரும் வளையத்தைக் காலையில் வெந்நீர் ஊற்றிச் சூடாக்கித் துடையுங்கள். இரண்டு உலோகத்துக்கும் கிடைக்கும் அந்த மெல்லிய இடைவெளி போதும். சுத்தியலால் அடிக்காமல், வைஸில் இரண்டு பக்கமும் பொருத்தமான சாக்கெட் வைத்து நேராக அழுத்துங்கள். வெண்கலப் புஷ் என்றால் கிரீஸ் துளை நிப்பிளுக்கு நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள். இறங்கிய பிறகு திருப்ப முடியாது. ரப்பர் புஷ்ஷுக்குச் சோப்புத் தண்ணீர் தவிர வேறெதுவும் தடவ வேண்டாம். எஞ்சின் ஆயிலும் கிரீஸும் சாதா ரப்பரை ஊதவைத்துக் கெடுத்துவிடும்.

9. முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின் வேலையில், புஷ்ஷைக் கடையும் ரீமர் இல்லாமல் இறங்காதீர்கள். வெண்கலப் புஷ் வெளியே இருக்கும்போது பின் வழுக்கிக்கொண்டு போகும். அழுத்தி உட்கார்த்தியதும் அது சுருங்கி, பின் நுழையவே நுழையாது. மேல் புஷ், கீழ் புஷ் இரண்டையும் ஒரே நீள ரீமரால் ஒரே கோட்டில் கடைய வேண்டும். தனித்தனியாகக் கடைந்தால் தனித்தனியாகப் பின் நன்றாகப் போகும், இரண்டிலும் சேர்ந்து போகாது. பட்டறைக்குப் போகும்போது புஷ்ஷோடு அந்தக் கிங் பின்னையே கையில் கொண்டுபோங்கள். எண்ணெய் தடவிய பின் கட்டைவிரல் அழுத்தத்தில் இறங்கினால் அதுதான் அளவு. தானாக விழுந்தால் அதிகம் கடைந்துவிட்டார்கள். மறுபடி புஷ் மாற்றச் சொல்லத் தயங்காதீர்கள்.

10. ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை, வண்டி தன் சக்கரத்தில் நிற்கும்போது மட்டுமே முழுதாக இறுக்குங்கள்.

இதை நான் பணம் கொடுத்துக் கற்றேன். முன்பக்க ரப்பர் புஷ்கள் அத்தனையையும் ஒரு பட்டறையில் மாற்றினேன். மூன்றே மாதத்தில் பழைய லொடலொட சத்தம் திரும்பிவிட்டது. கழற்றிப் பார்த்தால் புத்தம் புது ரப்பர், இரும்புக் குழாயை ஒட்டி வட்டமாகக் கிழிந்திருந்தது. மட்டமான ரப்பர் என்று நினைத்து இன்னொரு செட் வாங்கினேன். அதை மாட்டும்போதுதான் ஒரு வயதான மெக்கானிக் சொன்னார்: “ஜாக்கியில் சக்கரம் தொங்கும்போதே இறுக்கிட்டாங்க தம்பி.”

இந்தப் புஷ்ஷில் உள்குழாய் போல்ட்டோடு இறுகிவிடும். வெளிக்குழாய் கையோடு ஒட்டியிருக்கும். கை மேலும் கீழும் ஆடுவது நடுவில் இருக்கும் ரப்பர் முறுக்கிக்கொள்வதால்தான். சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டியை இறக்கியதுமே ரப்பர் முழு முறுக்கில் நிற்கும். நிற்கும்போதே முறுக்கு என்றால் பள்ளத்தில் இறங்கும்போது அதற்குப் போக இடமில்லை, கிழிகிறது. வண்டியின் உயரமும் கொஞ்சம் தூக்கலாகத் தெரியும்.

எல்லாவற்றையும் விரல் இறுக்கத்தில் மாட்டி, வண்டியை இறக்கி, முன்னும் பின்னும் நாலு தடவை தள்ளி, ஓரங்களில் அமுக்கி ஆட்டி, அதன் உயரத்துக்கு அது வந்து நின்ற பிறகு அடியில் போய் இறுக்குங்கள். அடியில் இடமில்லையென்றால் நான்கு சக்கரத்துக்கும் கீழே கெட்டியான மரப்பலகை கொடுத்து ஏற்றி நிறுத்திக்கொள்ளலாம். கைபிரேக் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் ஆப்பு வைத்துவிட்டுப் படுங்கள்.

11. ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கு மட்டும்: டிரனியனில் கிரீஸ் அடிக்காதீர்கள், எண்ணெய் ஊற்றுங்கள்.

முன்சக்கரத்தைத் தாங்கி நிற்கும் செங்குத்து இரும்பின் அடிமுனையில் மரை இருக்கும். அந்த மரை, டிரனியன் என்ற வெண்கலத் துண்டுக்குள் திருகி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் சக்கரம் இந்த மரையில்தான் திரும்புகிறது. வண்டியின் முன்பாரமும் இந்த மரை வழியாகத்தான் போகிறது. உள்ளே இருக்க வேண்டியது இ.பி.90 கியர் ஆயில். கிரீஸ் அடித்தால் அடிமரை வரை போய்ச் சேராது; நாளாக நாளாகக் காய்ந்து கட்டியாகி, பிறகு ஊற்றும் எண்ணெயையும் மறிக்கும். மழைத்தண்ணீர் மட்டும் எப்படியோ உள்ளே போய்விடும். மரை துருப்பிடித்து, ஒருநாள் அந்த இரும்பு மரையின் தொடக்கத்திலேயே ஒடியும். சக்கரம் மட்கார்டுக்கு அடியில் மடங்கும். பெரும்பாலும் வண்டியை ரிவர்ஸ் எடுத்து ஒடிக்கும்போதோ, மெதுவாகத் திருப்பும்போதோ ஒடிகிறது என்பார்கள். வேகத்தில் ஒடிந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

புது டிரனியன் மாட்டும்போது கவனிக்க வேண்டியவை மூன்று. இடப்பக்கத்துக்கு இடமரை, வலப்பக்கத்துக்கு வலமரை. மாற்றி ஏற்ற முயன்று மரையைக் கெடுக்காதீர்கள். முழுதும் உள்ளே திருகி முட்டிய பிறகு, ஸ்டியரிங் இரண்டு பக்கமும் கடைசி வரை திரும்ப இடம் கிடைக்கும் அளவுக்கு மட்டும் பின்னால் விடுங்கள். பொதுவாக ஒரு சுற்றுக்குள் அது அமைந்துவிடும். மூன்றாவது, மேலே இருக்கும் ரப்பர் சீலைப் புதிதாகப் போடுங்கள். அதுதான் தண்ணீருக்குக் கதவு.

டிரனியனின் பிளக்கைக் கழற்றி நிப்பிள் மாட்டி, கிரீஸ் கன்னில் கியர் ஆயிலை நிரப்பி, மேலே சீல் ஓரத்தில் எண்ணெய் கசியும்வரை அடியுங்கள். எங்கள் வண்டிக்குப் பல வருடம் கிரீஸ்தான் அடித்துக்கொண்டிருந்தார்கள். கழற்றியபோது மேல்மரைகள் பளபளவென்று இருந்தன. அடியில் நான்கைந்து மரைகள் செம்மண் நிறத்தில் பொடிந்து, துணியில் அப்படியே ஒட்டி வந்தன. அந்தத் துணியை அப்பா வெகுநேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அதே வண்டியில்தான் நாங்கள் ஐந்து பேரும் திருச்செந்தூர் போய்வந்திருந்தோம்.

12. மாரிஸ் மைனர் வகையில் முன்பக்கம் டார்ஷன் பார், அதாவது முறுக்கில் வேலை செய்யும் நீளக் கம்பி. ஓடிப் பழகிய கம்பியை இடம் வலம் மாற்றிப் போடாதீர்கள். ஒரு திசை முறுக்குக்குப் பழகிய இரும்பு எதிர்த்திசையில் ஒடிந்துபோகலாம். கம்பியின் மேல் ஸ்பேனர் கீறல், ரம்பக் கீறல் எதுவும் படக் கூடாது. அந்த வண்டியின் நெம்புகோல் ஷாக் அப்சார்பரை மாட்டும் முன், நிமிர்த்தி வைத்து அதன் எண்ணெயை நிரப்பி, கையை முழு வீச்சுக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை ஆட்டிக் காற்றை வெளியேற்றுங்கள். பிரேக் ஆயில் ஊற்ற வேண்டாம்.

13. ஸ்பிளிட் பின், பூட்டு வாஷர், யூ போல்ட் நட்டு: பழையதைத் திரும்பப் போடாதீர்கள்.

14. பட்டை ஸ்பிரிங்கில் வெல்டிங் வைக்க விடாதீர்கள், காஸ் நெருப்பும் காட்ட விடாதீர்கள். சூடு பட்ட இடத்தில் எஃகின் பதம் போய்விடும். அந்த இடத்தில்தான் ஒடியும். உயரம் போதவில்லையென்றால் லாரிக்குப் பட்டை வேலை செய்கிறவர்களிடம் கொண்டுபோங்கள். பட்டைகளைப் பிரித்துக் குளிர்நிலையிலேயே அடித்து வளைவு ஏற்றித் தருவார்கள். பிரித்தது பிரித்தாயிற்று என்று, ஒவ்வொரு பட்டைக்கும் இடையில் கிராஃபைட் கிரீஸ் தடவச் சொல்லுங்கள்.

15. மாட்டி முடித்ததும் வண்டி பின்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றால் பதற வேண்டாம். புது ஸ்பிரிங் படிய நாளாகும். ஆனால் ஹெரால்டில் கவனம் தேவை. அதன் பின்சக்கரங்கள் டிஃபரன்ஷியலின் இரு பக்கமும் இறக்கைபோல் மடங்கும் ஆக்சிலில் இருப்பவை. பின்பக்கம் உயர்ந்தால் சக்கரங்களின் அடிப்பக்கம் உள்ளே வாங்கிக்கொள்ளும். அந்த நிலையில் வளைவில் வேகமாகப் போய்ச் சட்டென்று ஆக்சிலேட்டரை விட்டால் பின்பக்கம் எழும்பி வழுக்கிவிடும். சக்கரங்கள் நேராக நிற்கும்வரை, பின்சீட்டில் இரண்டு அரிசி மூட்டையை வைத்து நிதானமாக ஓட்டுங்கள். 1970-களில் சென்னையில் வந்த ஸ்டாண்டர்டு கேசல், உருவத்தில் ஹெரால்டின் தங்கை. அதில் இந்த மடங்கும் ஆக்சிலை எடுத்துவிட்டு ஒற்றை ஆக்சிலாகவே போட்டுவிட்டார்கள். அதனால் பின்பக்கச் சாமான்களை இரண்டுக்கும் ஒன்று என்று எண்ணி வாங்கிவிடாதீர்கள்.

16. முதல் ஓட்டத்துக்கு முன்: சக்கரம் முழுதும் தொங்கும்போது பிரேக் குழாய் இழுபடுகிறதா, ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போது எங்காவது உரசுகிறதா, கைபிரேக் கேபிள் தளர்ந்ததா அல்லது இறுகியதா என்று பாருங்கள். முதல் 100 கிலோமீட்டரில் யூ போல்ட்டுகளை மறுபடி இறுக்குங்கள். 500-இல் இன்னொரு முறை. நிச்சயம் கால் சுற்றாவது போகும். வீல் அலைன்மென்ட்டை ஸ்பிரிங் படிந்த பிறகு பாருங்கள், முதல் நாளே பார்த்தால் காசு வீண். ஹெட்லைட் வெளிச்சமும் மேலே ஏறியிருக்கும், இறக்கிவிடுங்கள்.

கழற்றிய பழைய சாமான்களை ஒரு வருடமாவது எடைக்குப் போடாமல் வையுங்கள். மறுபடி மாட்ட அல்ல, அளவெடுக்க. ஹெரால்டு வைத்திருப்பவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமையே முன்சக்கரத்தைக் கழற்றி, டிரனியனில் இருப்பது எண்ணெயா கிரீஸா என்று பார்த்துவிடுங்கள். எண்ணெய் ஊற்றிய தேதியை ஒரு காகிதத்தில் எழுதி டேஷ்போர்டுக்குள் ஒட்டிவையுங்கள்.